அளவு ஜாக்கெட்டும் ஒரு திருத்தமும்

போன வாரம், இப்போது பத்திரிகையை நடத்துகிற உங்களில் ஒருவர் எனக்கு போன் செய்தார். நம் பத்திரிகையின் பழைய பக்கங்களைப் புதிய தளத்துக்கு மாற்றும்போது ஒரு திருத்தம் கண்ணில் பட்டதாம். ‘ஏழு வருடம், ஒரே அளவு என்ற தலைப்பில் வெளியான கட்டுரை முழுக்க முழுக்க ஆசிரியரின் கற்பனை. வாசகர்கள் மன்னிக்கவும்.’ இத்தனை காலத்தில் நாம் போட்ட திருத்தம் அது ஒன்றுதான். “அப்ப நீங்களும் கதை விடுவீங்களா மேடம்?” என்று சிரித்தார். கிண்டல்தான், ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. அந்தக் கட்டுரை உண்மை. திருத்தம்தான் பொய். அதை போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஊர்களையும் ஒன்றிரண்டு நகர்த்தி வைத்திருக்கிறேன். சம்பந்தப்பட்ட பெண்ணிடம் அனுப்பி, அவள் படித்துச் சரி என்ற பிறகே உங்களுக்கு அனுப்புகிறேன். இந்த ஒரு காரியத்தை அன்றைக்கே செய்திருந்தால் இன்று எழுத எதுவும் இருந்திருக்காது.

1993-ல் விழுப்புரத்தில் ஒரு அச்சகத்தில் பிழை திருத்துகிறவளாகச் சேர்ந்தேன். கல்யாணப் பத்திரிகை, திருவிழா நோட்டீஸ், கூடவே மாதம் ஒரு முறை பதினாறு பக்கத்தில் ஜாக்கெட் டிசைன் புத்தகம். கழுத்து வெட்டும் கை வெட்டும் கோட்டுப் படமாக இருக்கும். டெய்லர்கள் வாங்கி, நடுவில் துளை போட்டு, கடையில் கயிற்றில் தொங்கவிடுவார்கள். உங்கள் பத்திரிகை பிறந்தது அந்தக் கயிற்றில்தான்.

சாயங்காலம் திண்டிவனம் வண்டிக்காக விழுப்புரம் பிளாட்பாரத்தில் நிற்பேன். வண்டி தாமதமாக வரட்டும் என்றுதான் மனம் வேண்டிக்கொள்ளும். எனக்கு முன்னால் நிற்கிற பெண்களின் முதுகுகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வெயில் சாய்ந்து தண்டவாளம் மஞ்சளாகிற நேரத்தில் ஒவ்வொரு முதுகும் ஏதோ சொல்லும். கழுத்தை ஒரு விரல் அதிகமாக இறக்கச் சொல்லிவிட்டுப் பிறகு வெட்கப்பட்டு முந்தானையால் மூடிக்கொண்டவள். அக்கா ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு தோளைத் தோளைத் தூக்கி விடுகிறவள். நான் நோட்டில் கழுத்தை மட்டும் வரைந்துகொள்வேன். இரண்டு முறை வண்டியைக் கோட்டை விட்டிருக்கிறேன். வீட்டில் திட்டு வாங்கினேன், ஆனால் அடுத்த மாதப் புத்தகத்துக்கு எட்டு கழுத்து தேறியது.

கொஞ்ச வருடத்தில் அச்சக முதலாளிக்குப் புத்தகம் சலித்துவிட்டது. படக் கட்டுகளைக் கேட்டேன். “எடுத்துக்கினு போம்மா, எடைக்குப் போடத்தான் வெச்சிருக்கேன்” என்றார். அப்போது திண்டிவனத்தில் பிரவுசிங் சென்டர்கள் முளைத்துக்கொண்டிருந்தன. படங்களை அங்கே ஏற்றினால் சிங்கப்பூரில் இருக்கிறவர்களும் பார்க்கலாம் என்று யாரோ சொன்னார்கள். விளையாட்டாக ஏற்றினேன். சிங்கப்பூரிலிருந்து நிஜமாகவே ஒருத்தி எழுதினாள், ‘அந்த மூணாவது கழுத்துக்கு லைனிங் வேணுமா’ என்று. அன்றைக்குப் பிடித்த கிறுக்குதான் எனக்கு. நேரு வீதியில் ஒரு டெய்லர் கடைக்கு மாடியில் ஒரு அறை பிடித்தேன். அதுதான் அலுவலகம்.

கீழ்க்கடைக்காரி என்னைவிட ஏழெட்டு வயது இளையவள். பெண்ணாக இருந்தாலும் ஊரே அவளை மாஸ்டர் என்றுதான் கூப்பிடும், நானும் அப்படியே கூப்பிட்டேன். அவளுக்கு நான் யக்கா. அவள் தைப்பதை நான் படம் எடுப்பேன். நம் பக்கத்தில் யாரும் முகம் காட்ட மாட்டார்கள் என்பதால் எல்லாப் படமும் முதுகுப்பக்கம், இல்லையென்றால் தலையில்லாத பொம்மை. முகம் இல்லாத ஃபேஷன் பத்திரிகை என்று வெளியூர்க்காரர்கள் கேலி செய்தார்கள். முகம் இல்லாவிட்டால் யாருக்கும் எந்தத் தொந்தரவும் வராது என்று நான் பெருமையாகப் பதில் சொல்வேன். அந்தப் பெருமைதான் என்னைக் கவிழ்த்தது.

ஒரு ஆடி மாதம். கல்யாணம் கிடையாது, புதுத் துணி கிடையாது, போடுவதற்கு டிசைனும் கிடையாது. மத்தியானம் மாஸ்டர் சாப்பிடப் போயிருந்தாள். நான் கடையில் சும்மா உட்கார்ந்திருந்தேன். சுவரில் ஆணி ஆணியாக அளவு ஜாக்கெட்டுகள் தொங்கின. உங்களில் சிலருக்கு இது தெரியாமல் இருக்கலாம். நம் ஊரில் டேப் வைத்து உடம்பை அளக்கவிடுகிறவர்கள் குறைவு. தனக்குச் சரியாகப் பொருந்துகிற பழைய ஜாக்கெட் ஒன்றை டெய்லரிடம் கொடுத்து, இதே மாதிரி தை என்பார்கள். அதுதான் அளவு. தெருவிலிருந்து வந்த வெளிச்சம் அந்த வரிசையில் ஒன்றின் மேல் மட்டும் விழுந்திருந்தது. வெளுத்துப்போன கிளிப்பச்சை. பஃப் கை. காற்றில் அந்தக் கை மெல்ல உப்பி அடங்கியது, உள்ளே யாரோ மூச்சு விடுவதைப் போல. எழுந்து கேமராவை எடுத்துவிட்டேன்.

அந்த ஜாக்கெட்டின் கதையை மாஸ்டர் எனக்கு எப்போதோ சொல்லியிருந்தாள். பெருமுக்கல் பக்கம் விவசாயக் குடும்பத்து அம்மா ஒருவர், அஞ்சலை என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய மகள் கோமதி, வீட்டுக்கு ஆகாத இடத்தில் மனம் வைத்து, ஒருநாள் வீட்டைவிட்டுப் போய்விட்டாள். அப்பா அவள் துணிமணியை எல்லாம் களத்தில் போட்டுக் கொளுத்தினார். அளவுக்கென்று டெய்லரிடம் வந்திருந்த இந்தப் பச்சை ஒன்றுதான் தப்பியது. அன்றிலிருந்து ஒவ்வொரு பொங்கலுக்கும் முன்னால், பெரியாஸ்பத்திரியில் சுகர் மாத்திரை வாங்குகிற சாக்கில் அஞ்சலையம்மா வருவார். முந்தானைக்குள்ளிருந்து ஒரு ஜாக்கெட் துணியை எடுப்பார். “இதுல ஒண்ணு தெச்சி வெய்யி” என்பார். வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. ஏழு பொங்கலுக்கு ஏழு ஜாக்கெட் தைத்து, மாஸ்டர் பீரோவிலேயே இருந்தன.

நான் அதை எழுதினேன். பெயர் இல்லை, ஊர் இல்லை, முகம் இல்லை. பச்சை ஜாக்கெட்டின் படமும், ஒரு தாய் ஏழு வருடமாகக் கொண்டுவரும் துணியும் மட்டும். மாஸ்டரிடம் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பாள் என்று எனக்கு உள்ளூரத் தெரியும், அதனால்தான் கேட்கவில்லை. எழுதி முடித்ததும் நானே இரண்டு முறை படித்துக் கண் கலங்கினேன். சொந்த எழுத்தைப் படித்து அழுகிற நாளில் எதையும் வெளியிடாதீர்கள், தம்பிகளா, தங்கைகளா. அன்று நீங்கள் எழுத்தைப் பார்க்கிறீர்கள், ஆளைப் பார்ப்பதில்லை.

நாலாம் நாள் மத்தியானம் கம்ப்யூட்டரைத் திறந்தால் கட்டுரைக்கு அடியில் ஒரு பின்னூட்டம். அந்தக் காலத்தில் நம் தளத்தில் தடுப்பு எதுவும் கிடையாது, யார் எது எழுதினாலும் அப்படியே எல்லார் கண்ணுக்கும் தெரியும். ‘அது என்னோடது. இடது கைக்கு உள்ள சிவப்பு நூல்ல ஒட்டு போட்டிருக்கும் பாருங்க. அம்மாவா வர்றாங்க? நான் கோமதி. ஓசூர்ல நல்லா இருக்கேன்னு சொல்லுங்க.’ கீழே அவள் வேலை பார்க்கிற கம்பெனியின் பெயரையும் போட்டிருந்தாள்.

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. நோட்டில் எழுதிக்கொண்டு படியில் ஓடி, மாஸ்டர் முன்னால் நின்று வாசித்தேன். பாராட்டப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் மெஷின் மிதிப்பதை நிறுத்தினாள். முகம் வெளுத்திருந்தது.

“யக்கா, இன்னா காரியம் பண்ணிக்கினு வந்து நிக்கிற? அவ அண்ணன் ஏழு வருஷமா தேடிக்கினு இருக்கான். கூட்டேரிப்பட்டுல செல்போன் கடை வெச்சிருக்கான். நாள் பூரா போனும் கையுமாத்தான் இருப்பான். அவ எங்க இருக்கான்னு தெரிஞ்சா வுட்டுவெப்பானா? எடு அத. ஜல்தி எடு!”

மாடிக்கு ஓடினேன். பாதிப் படியில் மின்விசிறி நிற்கிற சத்தம் கேட்டது. மின்வெட்டு. அந்த வருடங்களில் போனால் இரண்டு மணி நேரம் வராது. கருத்த திரைக்கு முன்னால் ஒரு நொடி நின்றேன். அந்த நொடியில் என்னை நானே வெறுத்தேன். அதுவரை எனக்கு அந்தப் பெண் ஒரு பச்சைத் துணியாகத்தான் இருந்தாள். இப்போது அவள் ஓசூரில் ஒரு கம்பெனி வாசலில் சாப்பாட்டுக் கூடையோடு நின்றுகொண்டிருந்தாள்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஜெனரேட்டர் வைத்த பிரவுசிங் சென்டர் ஒன்று இருந்தது. ஆட்டோ பிடித்தேன். எல்லா நாற்காலியிலும் ஆள். ஒருவரிடம் கையெடுத்துக் கும்பிட்டு இடம் கேட்டேன். பின்னூட்டத்தை நீக்கினேன். முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து அது அங்கே இருந்திருக்கிறது. யார் பார்த்தார்கள் என்று அறிய வழியே இல்லை. அங்கேயே உட்கார்ந்து, கோமதி பதிந்திருந்த மின்னஞ்சலுக்கு ஒரு வரி அனுப்பினேன். ‘இனி எங்கள் பக்கத்தில் எதுவும் எழுதாதே அம்மா. எனக்கு மட்டும் எழுது.’

கடைக்குத் திரும்பினால் மாஸ்டர், “கட்டுரையையும் தூக்கிடு” என்றாள். அங்கேதான் நான் கொஞ்சம் யோசித்தேன். ஏற்கெனவே படித்தவர்கள் இருப்பார்கள். திடீரென்று காணாமல் போனால் உண்மை என்று அதுவே சொல்லிவிடும். இருக்கட்டும் என்றேன். அவசரத்தில் எல்லாவற்றையும் அழிக்கத்தான் கை போகும். எது கிடந்தால் ஆபத்து, எது போனால் ஆபத்து என்று பிரித்துப் பார்க்க ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கிற நேரம் போதும். அந்த நேரத்தையாவது உங்களுக்குக் கொடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாள் அண்ணன் வந்தான். நான் முரடனை எதிர்பார்த்திருந்தேன். வந்தவன் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, மேடம் என்று கூப்பிட்டு, உட்காரச் சொல்லியும் நின்றான். எனக்கு அதுதான் அதிகம் பயமாக இருந்தது. போனில் பச்சை ஜாக்கெட்டைக் காட்டினான்.

“எங்க ஊட்டம்மா இத படிச்சிட்டு அழுதுக்கினு இருக்கா மேடம். உங்க ஊட்டுக் கதைதான் இதுன்றா. யாருது இந்த ஜாக்கெட்டு?”

நான் வாயைத் திறப்பதற்குள் மாஸ்டர் பொத்தான் துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள். “என்னுது தம்பி. கல்யாணத்துக்கு முன்ன போட்டது. இன்னா வெலைக்கி வேணும்?”

அவன் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தான். “அப்ப அந்த அம்மா?”

“அம்மாவும் இல்ல, ஆட்டுக்குட்டியும் இல்லப்பா. ஆடி மாசம், போட மேட்டர் இல்ல. கட்டி எழுதினேன்.”

“ஏழு வருஷம்னு போட்டிருக்கீங்க. எங்க ஊட்லயும் ஏழு வருஷம்தான்.”

“எட்டுன்னு போட்டிருந்தா எட்டு வருஷக்காரங்க வந்து நின்னிருப்பாங்க.”

தெருவில் ஒரு மினி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போனது. “நெஜமாவே கட்டினதா மேடம்?” என்று கேட்டான், குரல் இறங்கியிருந்தது. அது கோபமா, வேறு எதுவுமா என்று எனக்கு இன்றும் தெரியாது. உண்மை என்று நான் சொல்ல வேண்டும் என்று அவன் ஆசைப்பட்டானோ என்றுகூடச் சில நாள் தோன்றும். ஆனால் அந்த ஆசையை நம்பி ஒரு பெண்ணின் உயிரைப் பந்தயம் வைக்க எனக்கு உரிமை இல்லை. ஆமாம், கட்டினதுதான் என்றேன்.

“அப்ப பொய்யின்னு போடுங்க. ஊர்ல எங்கள வெச்சிப் பேசிக்கினு இருக்காங்க. பேஜாரா இருக்கு. இப்பவே போடுங்க.”

மாடிக்கு அழைத்துப் போனேன். அவன் தோளுக்குப் பின்னால் நின்று பார்க்க, நீங்கள் கண்டெடுத்த அந்த வரிகளை அடித்தேன். விழுப்புரம் அச்சகத்தில் ஒரு எழுத்தின் ஒற்றைக்கொம்பு விட்டுப்போனாலும் தூங்காதவள் நான். என் பெயரைப் போட்டு, நான் பொய் எழுதினேன் என்று எழுதினேன். அவன் இரண்டு முறை படித்துவிட்டுத் தலையாட்டினான். போகும்போது கடை அட்டையை மேசையில் வைத்து, “எங்கம்மா இங்க வந்தா ஒரு போன் போடுங்க” என்றான். ஓசூரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பின்னூட்டத்தை அவன் பார்க்கவில்லை என்று அப்போதுதான் எனக்கு உறுதியானது. அவன் செருப்புச் சத்தம் தெருவில் மறைந்த பிறகு நானும் மாஸ்டரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு அழுதோம்.

நிறைய வாசகிகள் திட்டி எழுதினார்கள். அழவைத்து ஏமாற்றிவிட்டாயே என்று ஒருத்தி. அந்த மாதத்தோடு படிப்பதை நிறுத்தியவர்களும் உண்டு. பத்திரிகையின் பெயர் கெட்டது, அதில் சந்தேகமே இல்லை. இன்னொரு முறை அந்த நாள் வந்தாலும் அதையேதான் அடிப்பேன்.

கோமதி பதில் எழுதினாள். எனக்கு மட்டும். கல்யாணமாகி நல்லபடியாக இருப்பதாகவும், ஒரு குழந்தை இருப்பதாகவும், குழந்தையைப் பற்றி ஒரு முழுப் பக்கமும். கடைசியில் ஒரு வரி. ‘அம்மா இன்னும் பழைய அளவுலயே தைக்கிறாங்களா? அது இப்ப என் கையில கூட ஏறாது.’ இரண்டு வாரம் கழித்து, அனுப்பியவர் முகவரி இல்லாமல் கடைக்கு ஒரு பார்சல் வந்தது. உள்ளே கடிதம் இல்லை, போட்டோ இல்லை. உடுத்தித் துவைத்த ஒரு ஊதா ஜாக்கெட் மட்டும்.

அந்த மார்கழிக் கடைசியில் அஞ்சலையம்மா வந்தார். எங்களுக்கென்று ஒரு பையில் அவித்த மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை. வெளியே பனி இன்னும் முழுதாகக் கலையவில்லை, கடைக்குள் எல்லாமே பாலில் நனைந்தது போல இருந்தது. நடந்ததையெல்லாம் அவரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நான் ஐந்து மாதமாக வார்த்தை கோத்து வைத்திருந்தேன். அவர் முந்தானையிலிருந்து துணியை எடுத்தார், இந்த முறை மாம்பழ மஞ்சள். மாஸ்டர் பச்சை ஜாக்கெட்டை ஆணியிலிருந்து எடுக்கவில்லை. ஊதா ஜாக்கெட்டை எடுத்து மேசையில் விரித்தாள்.

“இந்த அளவுல தெக்கட்டுமாம்மா?”

அஞ்சலையம்மா பார்த்துக்கொண்டே நின்றார். யாருடையது என்று கேட்கவில்லை. கையை விரித்து மார்புச் சுற்றை அளந்தார், சாண் போட்டு, பிறகு விரல் போட்டு. “நாலு வெரக்கட ஏறிக்கீது” என்றார். “சாப்பாட்டுக்குக் கொறையில்ல.” உள்பக்கம் திருப்பினார். சைடு தையலைப் பிரித்து மறுபடி தைத்திருந்த இடத்தில் கட்டை விரல் நின்றது. “வவுறு பெருத்து எறங்கிக்கீது.” கொக்கிப் பட்டிக்கு வந்தார். மேல் கொக்கி இரண்டும் வேறு நூலில் தைத்திருந்தன, மூன்றாவது இழுபட்டுத் தொங்கியது. துணியில் துவைத்தும் போகாத பால் கறை. அங்கே கை அசையாமல் இருந்தது. “புடிச்சி இழுக்குது. பல்லு வந்துடுச்சி. ஒரு வயசு இருக்கும்.”

நான் வாயைத் திறந்தேன். ஊரையும் கம்பெனியையும் தவிர மற்றதையாவது சொல்லிவிடலாம் என்று. அவர் கையை உயர்த்தினார்.

“வாணாம் எடிட்டரம்மா. எங்க கீறான்னு எனக்குத் தெரிய வாணாம். தெரிஞ்சா தூக்கத்துல உளறிடுவேன். பக்கத்துல அவரு படுத்துக்கினு இருப்பாரு.” பிறகு மாஸ்டரிடம், “அந்த ஏழும் வீணாப்பூடுமா?” என்றார்.

“எப்படிம்மா வீணாப்பூடும்? ஒவ்வொண்ணுலயும் உள்ளார துணி வுட்டுத்தான் தெச்சிக்கிறேன். பிரிச்சிவுட்டாப் போதும்” என்றாள் மாஸ்டர். எனக்கே அது அன்றுதான் தெரியும்.

அஞ்சலையம்மா மஞ்சள் துணியைக் கையால் நீவிக் கொடுத்தார். மாஸ்டர் சாக்பீஸை எடுத்துக் குறிக்கக் குனிந்தபோது, “மீதித் துணியில ஒரு வயசு அளவுக்கு ஒண்ணு தெய்யி” என்றார்.

“கவுனாம்மா, சட்டையா?”

பதில் என்னிடம் இருந்தது. பெயர் தெரியும், பிறந்த கிழமை தெரியும், எந்தக் கையால் சோறு அள்ளுகிறது என்றுகூடத் தெரியும். அஞ்சலையம்மா திரும்பி என் முகத்தைப் பார்த்தார். எனக்குத் தெரியும் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் நின்றது. உதடு கேட்கத் துடித்ததைப் பார்த்தேன். ஒரு வார்த்தை கேட்டால் போதும், நான் கொட்டிவிட்டிருப்பேன்.

அவர் மெல்லத் தலையைத் திருப்பிக்கொண்டார்.

“ரெண்டுக்கும் ஆவுற மாதிரி தெய்யி மாஸ்டரு” என்றார்.